காந்த மெத்தையும் காந்த சிகிச்சையும் ஒண்ணா? தரங்கம்பாடி வழியா ஒரு வரலாற்று இழை

1/ மயிலாடுதுறை பக்கத்துல இருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பையனுக்குக் கடுமையான மனச்சோர்வு. ரெண்டு மருந்து மாத்திப் பார்த்தும் சரியாகல. "தலையில காந்தத்தை வச்சு ஒரு சிகிச்சை இருக்கு"ன்னு சொன்னேன். உடனே கேட்டாங்க: "கடன் வாங்கி வாங்குன காந்த மெத்தை வீட்ல கெடக்கு டாக்டர். அதுலயே படுக்க வச்சா போதாதா?"

2/ நியாயமான கேள்வி. ரெண்டுலயும் காந்தம்னு பேர் இருக்கே! ஆனா ரெண்டும் வேற வேற வரலாறு. ரெண்டுமே நம்ம தரங்கம்பாடியை உரசிக்கிட்டுப் போகிற வரலாறு. இழை கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

3/ 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனியர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். நடுவில் சில வருடம் ஆங்கிலேயர் கையில் இருந்ததைத் தவிர, 1845 வரை ஊர் டென்மார்க் அரசருடையது. ஐரோப்பாவிலிருந்து அங்கே வந்த கப்பல்களுக்கு நடுக்கடலில் வழி சொன்னது ஒரு சின்ன காந்த ஊசி. திசைகாட்டி.

4/ 1820. ஒப்பந்தம் போட்டு 200 வருஷம். அதே அரசரின் தலைநகரான கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் எர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மருந்துக்கடைக்காரரின் மகன், ஒரு கம்பியில் மின்சாரம் பாய்ச்சினார். பக்கத்திலிருந்த திசைகாட்டி ஊசி அசைந்தது. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்பத்தான். தரங்கம்பாடிக்கு இதில் பங்கு இல்லைங்க. ராஜா ஒருத்தர், அவ்வளவுதான்.

5/ 1831ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதைத் திருப்பிப் போட்டார். காந்தப்புலம் மாறினால் பக்கத்துக் கம்பியில் மின்சாரம் உண்டாகும். "மாறினால்" என்ற சொல்லை மனசுல வச்சுக்கோங்க. அசையாமல், மாறாமல் கம்பி பக்கத்துல கிடக்கிற காந்தம் எவ்வளவு பெருசா இருந்தாலும் அங்கே மின்சாரம் பிறக்காது. அந்த அம்மாவின் கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

6/ இப்ப இன்னொரு வரலாறு. இது எர்ஸ்டெட்டுக்கும் முந்தியது. 1770களில் வியன்னாவில் ஃபிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்த திரவம் ஓடுது, அது தடைபட்டால் நோய் என்றார். முதலில் காந்தத்தை வைத்தார். அப்புறம் காந்தமே வேண்டாம், என் கை போதும் என்றார். பாரிஸில் கூட்டம் அலைமோதியது. சிலர் அழுதார்கள், சிலர் மயங்கி விழுந்தார்கள், சிலர் குணமானதாகச் சொன்னார்கள்.

7/ 1784ல் பிரெஞ்சு அரசர் விசாரணைக் குழு போட்டார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லவாய்சியே போன்ற பெரிய ஆட்கள் அதில் இருந்தார்கள். ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு "காந்தம் ஏற்றச்" சொன்னார்கள். பிறகு ஒரு 12 வயசுப் பையனின் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் கூட்டிப் போனார்கள். நாலாவது மரத்திலேயே பையன் மயங்கி விழுந்துட்டான். காந்தம் ஏற்றிய மரமோ தள்ளி இருந்தது!

8/ குழுவின் முடிவு: காந்த திரவம்னு ஒண்ணு இல்லை, வேலை செய்தது நம்பிக்கை. ஆனா அந்தப் பையன் நடிக்கலைங்க, நிஜமாவே விழுந்தான். நம்பிக்கைக்கு அவ்வளவு பலம். அதனாலதான் இன்னைக்கும் ஒரு சிகிச்சையைச் சோதிக்கும்போது பாதிப் பேருக்கு நிஜத்தையும் பாதிப் பேருக்குப் போலியையும் கொடுத்து, யாருக்கு எதுன்னு சொல்லாம ஒப்பிடுறோம். அந்தக் கண்கட்டுதான் இது.

9/ ஆனா மெஸ்மரிசம் சாகலை. 1845 பிப்ரவரியில் தரங்கம்பாடியையும், வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருந்த செராம்பூரையும் சேர்த்து டென்மார்க் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது. அதே வருஷம் ஏப்ரலில், அதே ஆற்றங்கரையில் ஹூக்ளி ஊரில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற சர்ஜன் நோயாளிகளை மெஸ்மரிச முறையில் மயக்கி அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

10/ அவரைக் கேலி பண்ணத் தோணலை. மயக்க மருந்து இல்லாத காலம், அலறுகிற ஆளைப் பிடித்துக்கொண்டு கத்தி வைத்த காலம். சிலருக்கு நிஜமாவே வலி குறைந்திருக்கும். இன்னைக்கு அதை ஹிப்னாடிசம் என்கிறோம். 1846ல் கல்கத்தாவில் அதற்கென்று ஒரு ஆஸ்பத்திரியே நடந்தது. ஆனா அடுத்தடுத்து ஈதரும் குளோரோஃபார்மும் வந்தன. அவை நம்புகிறவரையும் நம்பாதவரையும் மயக்கின. மெஸ்மரிசம் ஒதுங்கிவிட்டது.

11/ ஃபாரடே வழிக்குத் திரும்புவோம். 1896ல் பாரிஸில் தார்சோன்வால் என்பவர் ஒரு பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை வைத்து மாறும் மின்சாரம் பாய்ச்சினார். கண்ணில் மின்னல் மாதிரி ஒளி தெரிந்தது. தொடாமலே நரம்பைத் தூண்ட முடியும்! ஆனா மூளை வரை போய்த் தூண்டுகிற கருவி வர இன்னும் 89 வருஷம் ஆச்சு.

12/ 1985, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட். அந்தோணி பார்க்கரும் கூட்டாளிகளும் தலைமேல் ஒரு சுருளை வைத்துப் பொத்தானை அழுத்தினார்கள். கை விரல் துடித்தது. இதுதான் டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன், சுருக்கமா டிஎம்எஸ். சுருளில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பாயும். காந்தப்புலம் சட்டென்று ஏறி இறங்கும். மண்டையோடு அதைத் தடுக்காது. உள்ளே மூளையின் மேற்பரப்பில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள், மெல்லிய மின்சாரம் பிறக்கும்.

13/ ஒரு ஒப்பீடு. டிஎம்எஸ் சுருளின் பலம் சுமார் 1.5 முதல் 2 டெஸ்லா. எம்ஆர்ஐ ஸ்கேனின் பெரிய காந்தமும் பெரும்பாலும் 1.5 டெஸ்லாதான். அதுக்குள்ள அரை மணி நேரம் படுத்துட்டு வர்றோம், மனச்சோர்வு போயிடுதா? இல்லையே. ஏன்னா அந்தக் காந்தம் மாறாம நிற்குது. அதைவிடப் பல மடங்கு பலவீனமான, அசையாத மெத்தைக் காந்தம் மூளையில என்ன பண்ணிடும்?

14/ 1995ல் அமெரிக்காவில் மருந்து பலிக்காத 6 பேருக்கு மனச்சோர்வுக்காக டிஎம்எஸ் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பெரிய ஆய்வுகள், மெஸ்மர் பாடத்தை மறக்காமல்: அதே மாதிரி டக்டக்னு சத்தம் போடும் போலிச்சுருளோடு ஒப்பிட்டு. 2007ல் வெளியான 301 பேர் ஆய்வில் முதன்மை அளவுகோல் நூலிழையில் தவறியது, மற்ற அளவுகோல்களில் பலன் தெரிந்தது. 2008ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இது மந்திரம் இல்லை. பலருக்குப் பலன் தரும், எல்லாருக்கும் இல்லை.

15/ பின்னாடி ஒற்றைத் தலைவலிக்கும் (2013), ஓசிடி என்கிற எண்ணச்சுழற்சி நோய்க்கும் (2018) அங்கே அனுமதி வந்தது. பக்கவாதத்துக்குப் பின் கை கால் தேற, பார்க்கின்சன் நோய்க்கு, காதில் குரல் கேட்பதற்கு ஆராய்ச்சி நடக்குது, முடிவுகள் கலவை. "புத்தி கூடும், ஞாபகம் பெருகும்"னு விளம்பரம் பார்த்தா காசை எடுக்காதீங்க.

16/ இது கரண்ட் வைக்கிற சிகிச்சை இல்லை. மயக்க மருந்து கிடையாது, முழிச்சுக்கிட்டு நாற்காலியில உட்காரணும். தலைவலி வரலாம். வலிப்பு மிக அரிது. தலைக்குள் உலோக கிளிப், காக்ளியர் கருவி இருந்தா முதல்லயே சொல்லிடணும். கஷ்டம் வேற இடத்துல: வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம். 37 நிமிடம் எடுத்ததை 3 நிமிடமாகக் குறைக்கலாம்னு 2018ல் 414 பேர் ஆய்வு காட்டியது. ஆனா பெங்களூரு நிம்ஹான்ஸுக்கோ சென்னைக்கோ போய் ஒரு மாசம் தங்கணும்னா, சம்பா நடவு நேரத்துல டெல்டா குடும்பம் எப்படிப் போகும்? விஞ்ஞானம் கடந்துவிட்ட தூரத்தை நம்ம பஸ் இன்னும் கடக்கலை.

17/ அந்த அம்மாவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். மெத்தை கிடக்கட்டும், படுக்க ஆகும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. மருந்தும் பேச்சு சிகிச்சையும் போதலைன்னா டிஎம்எஸ் பற்றி உங்க மனநல மருத்துவரிடம் கேளுங்க. தற்கொலை எண்ணம் இருந்தா எதுக்கும் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. 14416, டெலிமானஸ், இலவசம், தமிழிலும் பேசலாம்.

18/ இனி காந்தம்னு யார் எதை விற்க வந்தாலும் ரெண்டே கேள்வி கேளுங்க. ஒண்ணு, ஃபாரடே கேள்வி: இந்தக் காந்தம் மாறுதா, சும்மா கிடக்குதா? ரெண்டு, அந்தத் தோட்டத்துக் கேள்வி: கண்ணைக் கட்டிச் சோதிச்சுப் பார்த்தீங்களா? பதில் வரலைன்னா பர்ஸை மூடிடுங்க. வீட்ல காந்த மெத்தை வச்சிருக்கிற யாருக்காவது இதை அனுப்புங்க.