எந்திரக் கால்களும் மூன்று மாதங்களும்

பக்கவாதத்தில் நடை இழந்தவரை மீண்டும் நடக்க வைக்கும் முயற்சியின் வரலாறு, ஒருவகையில் பிறருடைய முதுகுவலியின் வரலாறும் ஆகும். செயலிழந்த காலை ஒருவர் குனிந்து கையால் எடுத்து வைத்தாக வேண்டும். அதையும் நூற்றுக்கணக்கான முறை செய்தாக வேண்டும். சேதமடையாத மூளைப் பகுதிகள் நடையை மறுபடி கற்பது இத்தகைய விடாப் பயிற்சியால்தான்.

உடலில் பூட்டிக்கொண்டு நடக்கும் கருவிக்கு ரஷ்யரான நிகோலாய் யாக்ன் 1890இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவர் எண்ணியது நலமுடையோர் விரைந்து ஓடுவதையும் குதிப்பதையும். அக்கருத்தை முடங்கியோர் பக்கம் திருப்பியவர்களில் முன்னோடி, பெல்கிரேடின் மிகைலோ புபின் நிறுவனத்தைச் சேர்ந்த மியோமிர் வுகோப்ராடோவிச். 1960களின் இறுதியில் அவரது குழு இப்பணியில் இறங்கியது. பின்னர் சூரிச்சில் லோகோமாட் உருவாயிற்று. நோயாளியின் எடையைக் கச்சையில் தாங்கி, டிரெட்மில்லின் மேல் இடுப்பையும் முழங்காலையும் மோட்டார்களால் அசைக்கும் எந்திரம் அது. குனிந்தே களைத்த சிகிச்சையாளரின் உழைப்பை அது ஏற்றுக்கொண்டது.

எந்திரம் மனிதக் கையை வென்றுவிட்டதா? ஏற்கெனவே ஓரளவு நடப்பவர்களுக்குச் சிகிச்சையாளரின் கையே கூடுதல் பயன் தந்தது என்று 2008, 2009ஆம் ஆண்டுகளின் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. அறவே நடக்க இயலாதவர்களுக்கோ, முதல் மூன்று மாதங்களுக்குள் இயன்முறை சிகிச்சையோடு எந்திரப் பயிற்சியும் சேர்ந்தால் தாமாக நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 2020இன் காக்ரேன் தொகுப்பாய்வு கூறுகிறது.

இந்த மூன்று மாதக் கணக்கைச் சடையங்குப்பத்தில் வைத்துப் பார்ப்போம். 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த, மழைக்காலத்தில் வெள்ளம் சூழும் சிற்றூர் அது. அங்கே ஒரு தொழிலாளி விழுந்தால், அன்றாடப் பயிற்சிக்காக டேங்கர் லாரிகள் நெரியும் மணலிச் சாலையைத் தாண்டி ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனைவரை வந்து போக வேண்டும். நடக்க முடியாதவரிடம் நாம் கேட்பது இதைத்தான். உடன் வருபவரின் கூலியும் அன்று போயிற்று.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றது, அவ்வகையில் பெரிய திருப்பம். எந்திரக் கால்கள் பெருமருத்துவமனைகளோடு நின்றுவிட்டால் அவற்றின் வரலாறு பொறியியலின் வரலாறாகவே முடியும். அந்த மூன்று மாதங்களுக்குள் சடையங்குப்பத்தை எட்டினால்தான் அது மருத்துவத்தின் வரலாறாகும் என்று நாம் கருதுகிறோம்.