பேட்டரிப் பொடியும் பதவி இழக்க இருந்த விஞ்ஞானியும்

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. வாங்கிய புதிதில் மூன்று மணி நேரம் ஃபேன் ஓட்டிய பேட்டரி, சில வருடங்கள் கழித்து அரை மணி நேரத்தில் கையை விரித்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "பிளேட்ல சல்பேட் படிஞ்சிருச்சு சார், புதுசு மாத்திடுங்க" என்பார். பக்கத்து வீட்டுக்காரரோ "பேதி உப்பைக் கரைச்சு ஊத்துங்க, திரும்ப எழுந்துக்கும்" என்பார்.

இந்த இரண்டாவது ஆலோசனைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1953-ஆம் ஆண்டு இதே மாதிரி ஒரு உப்புப் பொட்டலம், அமெரிக்காவின் முக்கியமான அரசு ஆய்வகம் ஒன்றின் இயக்குநரை வேலையை விட்டே துரத்தப் பார்த்தது. அறிவியல் மாணவர்களை விட வணிகவியல் படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

சல்பேஷன் என்றால் என்ன?

ஈய-அமில பேட்டரியை 1859-ல் உருவாக்கியவர் பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே. அதன் அமைப்பு எளிமையானது. ஒரு தகட்டில் ஈயம், இன்னொரு தகட்டில் ஈய டை ஆக்சைடு, இரண்டுக்கும் நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்க எடுக்க, இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் உண்டாகும். சார்ஜ் செய்யும்போது அது பழையபடி ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் மாறிவிடும். ஆகவே சல்பேட் உண்டாவது ஒரு கோளாறே இல்லை. பேட்டரி வேலை செய்யும் விதமே அதுதான்.

சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே வாரக்கணக்கில் போட்டு வைத்தால்தான் வம்பு. பொடியாக இருந்த சல்பேட், மெல்ல மெல்லப் பெரிய படிகங்களாக வளர்ந்துவிடும். சர்க்கரையும் கல்கண்டும் ஒரே சரக்குதான். ஆனால் தண்ணீரில் போட்டால் சர்க்கரை சட்டென்று கரையும், கல்கண்டு கரைய நேரம் பிடிக்கும். அதே கதைதான் இங்கேயும். படிகம் பெரிதானால் வழக்கமான சார்ஜில் அது கரையாது. பேட்டரியின் கொள்ளளவு குறைந்துவிடும். இதைத்தான் சல்பேஷன் என்கிறார்கள்.

இதற்குப் பழைய காலத்திலிருந்தே ஒரு வைத்தியம் உண்டு. மிகக் குறைந்த மின்னோட்டத்தில், மிக நீண்ட நேரம், பொறுமையாக சார்ஜ் செய்வது. முற்றிப்போகாத சல்பேஷன் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். தகட்டில் இருக்கும் பசை உதிர்ந்துவிட்டாலோ, அதைத் தாங்கும் ஈயச் சட்டம் அரித்துப்போனாலோ எந்த வைத்தியமும் பலிக்காது. இந்த 'மெதுவான சார்ஜ்' சமாச்சாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

ஓக்லாந்தில் ஒரு பொடி

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். கலிபோர்னியாவில் உள்ள ஓக்லாந்து நகரில் ஜெஸ் ரிச்சி என்பவர் பேட்டரி தொழிலில் இறங்கினார். அதற்கு முன் புல்டோசர் ஓட்டியவர். மெர்ல் ராண்டால் என்ற வேதியியல் பேராசிரியரின் துணையோடு பேட்டரியில் போடும் ஒரு பொடியை அவர் உருவாக்கினார். ராண்டால் சாதாரண ஆள் இல்லை. வெப்ப இயக்கவியல் குறித்து ஜி.என். லூயிஸுடன் சேர்ந்து 1923-ல் அவர் எழுதிய புத்தகம் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது.

பொடிக்கு வைத்த பெயர் 'ஏடி-எக்ஸ்2'. அதில் இருந்தவை முக்கியமாக இரண்டு உப்புகள்: சோடியம் சல்பேட், மெக்னீசியம் சல்பேட். இரண்டாவதாகச் சொன்னதுதான் நம் ஊர் பேதி உப்பு! செத்துப்போன பேட்டரியை இது பிழைக்க வைக்கும், நல்ல பேட்டரியின் ஆயுளைக் கூட்டும் என்று சொல்லி விற்றார்கள். வாங்கியவர்கள் பலர் திருப்தியாக இருந்தார்கள். மறுபடி வாங்கினார்கள், பாராட்டிக் கடிதமும் எழுதினார்கள்.

ஆனால் வாஷிங்டனில் இருந்த 'நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ்' என்ற தேசிய தர நிர்ணய ஆய்வகம் இதை ஏற்கவில்லை. (நம் வீட்டு இரும்பு பீரோ அல்ல, இது 1901-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம்!) அந்த ஆய்வகம் ரிச்சிக்கு முன்பே இப்படிப் பல பேட்டரிப் பொடிகளைச் சோதித்துப் பார்த்து, எதிலும் பயன் இல்லை என்று சொல்லி வந்தது. ஏற்கெனவே கந்தக அமிலம் நிறைந்திருக்கும் பேட்டரியில் இன்னும் கொஞ்சம் சல்பேட் உப்பைப் போட்டால் என்ன பெரிய மாற்றம் வந்துவிடும் என்பது அவர்கள் கேள்வி. 1950-ல், ஏடி-எக்ஸ்2-வும் மற்றப் பொடிகளைப் போலத்தான் என்ற அவர்கள் முடிவு வெளியே வந்தது. 1951-ல் பேட்டரிப் பொடிகள் பற்றி ஒரு தனி அறிக்கையும் வெளியிட்டார்கள்.

சந்தையா, சோதனைச்சாலையா?

ரிச்சி சும்மா இருக்கவில்லை. தன் வாடிக்கையாளர்களைக் கொண்டு அரசியல்வாதிகளுக்கு எழுத வைத்தார். 1951 முடிவதற்குள் 28 செனட்டர்கள் அவருக்காக ஆய்வகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். பெரிய பேட்டரி கம்பெனிகள் புது பேட்டரி விற்பதற்காகத் தன்னை நசுக்குகின்றன என்பது அவருடைய வாதம். சிறு வியாபாரி ஒருவர் தனியாகப் போராடுகிறார் என்றால் யாருக்குத்தான் இரக்கம் வராது?

1952-ல் ஆய்வகம் மறுபடி சோதனை நடத்தியது. பொடி போட்ட பேட்டரிகள், பொடி போடாத பேட்டரிகள் என்று இரண்டு கூட்டமாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டு செனட்டின் சிறுதொழில் குழு கேட்டுக்கொண்டதால் எம்ஐடி கல்வி நிறுவனமும் ஒரு சோதனை செய்தது. அதன் முடிவுகளை ரிச்சிக்குச் சாதகமானவை என்று அந்தக் குழு வெளியிட்டது. குழப்பம் கூடியது.

1953 ஜனவரியில் ஐசனோவர் ஜனாதிபதி ஆனார். தொழிலதிபர்கள் பலர் அரசாங்கத்துக்குள் வந்தார்கள். வர்த்தகத் துறையின் செயலராக சின்க்ளேர் வீக்ஸ் வந்தார். அவருக்குக் கீழே உதவிச் செயலராக வந்தவர் கிரெய்க் ஷீஃபர். ஆம், ஷீஃபர் பேனா கம்பெனிக்காரர்தான்! தர நிர்ணய ஆய்வகம் இந்த வர்த்தகத் துறையின் கீழ்தான் இயங்கியது.

பிப்ரவரியில் தபால் துறை ரிச்சியின் கம்பெனிக்கு எதிராக மோசடித் தடை ஒன்றைப் போட்டது. அதாவது கம்பெனிக்கு வரும் தபாலைக் கொடுக்காமல் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். வீக்ஸ் தலையிட்டதும் மார்ச் தொடக்கத்தில் அந்தத் தடை நிறுத்தி வைக்கப்பட்டது. மார்ச் மாதக் கடைசியில் ஆய்வகத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினிடம் ராஜினாமா கேட்கப்பட்டது. மார்ச் 31 அன்று செனட் குழுவின் முன்னால் வீக்ஸ் காரணம் சொன்னார். ஆய்வகம் போதிய நடுநிலையோடு இல்லை, சந்தை சொல்வதை அது கொஞ்சமும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது அவர் பேச்சின் சாரம்.

விஞ்ஞானிகள் கொதித்துப் போனார்கள். ஒரு சோதனையின் முடிவு வியாபாரிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இயக்குநரை நீக்கினால், நாளைக்கு எந்த ஆய்வகம் உண்மையைச் சொல்லும்? ஆய்வகத்தில் சுமார் 400 பேர் வேலையை விடத் தயாராக இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பத்திரிகைகளும் பிடித்துக்கொண்டன. ஏப்ரல் 17 அன்று வீக்ஸ் பின்வாங்கி, ஆஸ்டின் தற்போதைக்குப் பதவியில் இருக்கட்டும் என்றார். ஆகஸ்டில் அது நிரந்தரமானது. 1953-ன் இறுதியில் தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழு தன் தீர்ப்பைச் சொன்னது: ஆய்வகத்தின் வேலை தரமானது, பொடியில் பயன் இல்லை. ஆஸ்டின் 1969 வரை இயக்குநராக இருந்தார்.

இத்தோடு சுபம் போட்டுவிட முடியாது. தபால் துறையின் தடை அதே 1953 ஆகஸ்டில் ரத்தானது. காரணம், ஏமாற்றும் எண்ணம் ரிச்சிக்கு இருந்ததாக நிரூபிக்க முடியவில்லை. வணிகத்தில் முறைகேடுகளைக் கண்காணிக்கும் மத்திய வர்த்தக ஆணையம் 1954-ல் போட்ட வழக்கும் 1956-ல் தள்ளுபடியானது. பொடியால் பலன் கிடைத்தது என்று உபயோகித்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அறிவியலில் தோற்ற ரிச்சி, சட்டத்தில் தோற்கவில்லை!

அப்படியானால் வாடிக்கையாளர்கள் பொய் சொன்னார்களா?

இல்லை. இங்கேதான் அந்த மெதுவான சார்ஜ் வருகிறது. பொடியைப் போட்டவர்கள் அதோடு விட்டுவிடவில்லை. மூலையில் கிடந்த பேட்டரியைத் துடைத்து, தண்ணீர் அளவு பார்த்து, நிதானமாக சார்ஜ் ஏற்றினார்கள். பேட்டரி எழுந்தது. பொடியைப் போட்டோம், எழுந்தது, ஆகவே பொடிதான் காரணம் என்று நம்பினார்கள். பொடி போடாமல் அதே கவனிப்பைக் கொடுத்திருந்தாலும் அது எழுந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பேட்டரி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை. பிழைக்காத பேட்டரிக்காரர்களோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை, புது பேட்டரி வாங்கப் போயிருப்பார்கள்.

வீக்ஸ் நம்பிய சந்தையும் முட்டாள்தனமானது அல்ல. ஒரு சோப்பு வாசனையாக இருக்கிறதா, ஒரு பேனா வழுக்கி எழுதுகிறதா என்பதை வாங்குபவரே கண்டுபிடித்துவிடுவார். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஆனால் ஒரு பொருள் தானாக நடக்கக்கூடிய ஒன்றோடு சேர்ந்து வரும்போது, பலன் எதனால் வந்தது என்று வாங்குபவரால் பிரித்துப் பார்க்க முடியாது. திருப்தியான ஆயிரம் வாடிக்கையாளர்கள் இருந்தாலும் இந்தக் குறை தீராது. விற்பவரே மனதார நம்பி விற்றாலும் தீராது. கண்டதைக் கண்டபடி சொல்லும் ஒரு ஆய்வகமும், அப்படிச் சொன்னதற்காக வேலை போகாத ஒரு இயக்குநரும் சந்தைக்கே தேவைப்படுவது இதனால்தான்.

பேதி உப்பு வைத்தியம் இன்றைக்கும் இணையத்தில் வீடியோக்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. துடிப்பு மின்சாரம் கொடுத்து சல்பேட்டை உடைப்பதாகச் சொல்லும் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. எதை வாங்குவதற்கு முன்னாலும் ஒரு கேள்வி கேட்கலாம்: இது இல்லாமல் வெறுமனே மெதுவாக சார்ஜ் செய்த பேட்டரி என்ன ஆனது? பதில் கிடைக்கும்வரை, சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே போட்டு வைக்காமல் இருப்பதும், டிஸ்டில்டு வாட்டர் அளவைக் கவனிப்பதும் போதும். செலவும் குறைவு.