டைட்டன்: பூதம் சேர்க்கும் விளையாட்டும் காணாமல் போன ஓவியரும்

விநோத உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது போகிமான்தான். அது ஜப்பானில் வெளிவந்தது 1996-இல். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, திரையும் பேட்டரியும் இல்லாமல், அட்டையும் பகடையும் மட்டும் கொண்டு இதே ஆசையை விளையாட்டாக்கிக் காட்டினார்கள் இரண்டு அமெரிக்கர்கள். ஒருவர் ஜேசன் மெக்காலிஸ்டர், மற்றவர் டேவிட் ட்ராம்பியர். விளையாட்டின் பெயர் டைட்டன்.

பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. கார்கன்ஸ்டார் என்ற பெயரில் தாங்களே ஒரு சிறு கம்பெனி தொடங்கி 1980-இல் வெளியிட்டார்கள். அடுத்து அவலான் ஹில் நிறுவனம் உரிமம் பெற்று 1982-இல் தன் பெயரில் கொண்டுவந்தது. பால்டிமோரில் இருந்த இந்த நிறுவனம் 1958-இல் வெளியிட்ட கெட்டிஸ்பர்க் முதலாகப் போர் விளையாட்டுகளுக்குப் பேர் போனது. சரித்திரப் போர்களை மேசைமேல் மறுபடி நடத்திப் பார்க்கிறவர்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். அவர்கள் கையில் போய் டிராகனும் ஒற்றைக்கண் பூதமும் சேர்ந்தது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் விளையாட்டு பதினாறு ஆண்டுகள், 1998 வரை, விற்பனையில் இருந்தது.

அப்படி அதில் என்ன இருக்கிறது?

இரண்டு முதல் ஆறு பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவருக்கும் டைட்டன் என்ற ஒரு தலைவன். சதுரங்கத்து ராஜா மாதிரி, அவன் செத்தால் ஆட்டம் போச்சு. தொடக்கத்தில் கையில் இருப்பது எட்டே உருப்படிகள்: டைட்டன், ஒரு தேவதை, பிறகு ஓகர், சென்டார், கார்காயில் ஆகியவற்றில் இரண்டிரண்டு. முதல் முறையிலேயே இவற்றை நாலு நாலாக இரண்டு படைகளாகப் பிரித்தாக வேண்டும். டைட்டன் ஒரு படையில், தேவதை இன்னொரு படையில். பகடையை உருட்டி, 96 கட்டங்கள் கொண்ட பெரிய பலகையில் படைகளை நகர்த்த வேண்டும்.

சேர்ப்பது இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு வகை நிலம்: காடு, சதுப்பு, பாலை, மலை, பனிவெளி என்று. அந்த நிலத்துக்குரிய உயிரினம் படையில் இருந்தால் அதன் இனத்தில் இன்னொன்று வந்து சேரும். போதுமான எண்ணிக்கை இருந்தால் அதைவிடப் பெரியது வரும். புதர்க்காட்டில் போய் நிற்கும் இரண்டு கார்காயில்கள் ஒரு சைக்ளோப்ஸை அழைக்கும். மூன்று சைக்ளோப்ஸ் அடர்காட்டில் நின்றால் பெஹிமோத் வரும். இரண்டு பெஹிமோத் சேர்ந்தால் செர்பென்ட் என்ற மகா பாம்பு. சண்டையில் அது ஒன்றே பதினெட்டுப் பகடைகளை உருட்டும்! ஒரு முறைக்கு ஒரு படைக்கு ஒன்றுதான் சேரும் என்பதால், கார்காயிலில் ஆரம்பித்துச் செர்பென்ட்டைத் தொடுவதற்குச் சரியான நிலத்தில் ஆறு முறையாவது போய் நிற்க வேண்டும். சிறு முதலைப் போட்டு, வந்த லாபத்தையும் முதலோடு சேர்த்து வியாபாரத்தைப் பெருக்குகிற கணக்கு இது.

பிடி எங்கே என்றால், ஒரு படையில் ஏழுக்கு மேல் இருக்கக்கூடாது. நாலு பேரோடு கிளம்பிய படையில் மூன்று சைக்ளோப்ஸ் சேர்ந்ததுமே கதவு அடைத்துவிடும். இனி பெஹிமோத் வேண்டுமென்றால் யாரையாவது வெளியே அனுப்ப வேண்டும். இதுவரை சுமந்து வந்த அந்த இரண்டு கார்காயில்களைத் தனிப் படையாகப் பிரித்து விடுவதுதான் வழக்கம். அவை எதிராளிக்கு எளிதான இரை, அவருக்குப் புள்ளிகளும் கூட. நூறு புள்ளிக்கு ஒரு தேவதை அவர் பக்கம் போய்ச் சேரும், அவருடைய டைட்டனின் பலமும் ஒன்று கூடும். யாரையும் விடாமல் இறுக்கிப் பிடித்திருப்பவர் வளர மாட்டார். கண்டபடி பிரிப்பவர் பிழைக்க மாட்டார். இந்த இழுபறியை இவ்வளவு சில விதிகளில் கொண்டுவந்த விளையாட்டுகள் குறைவு.

இன்னொரு அழகு, படைகள் கவிழ்த்தே அடுக்கப்பட்டிருக்கும். மேலே அடையாளச் சில்லு மட்டும்தான் தெரியும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது மட்டும், அழைத்தவை எவை என்று காட்ட வேண்டும். ஆகவே அடுத்தவர் எப்போது எதைக் காட்டினார் என்று நினைவில் வைத்திருப்பவர் பாதி ஜெயித்தவர். பகடை விளையாட்டுதானே என்று அலட்சியமாக உட்காருபவர் இங்கே அடி வாங்குவார்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு படைகள் மோதினால் தனிப் பலகையில் ஏழு சுற்று வரை சண்டை நடக்கும். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டும். டைட்டனை முதலில் பறிகொடுத்தவர் பாடு இன்னும் மோசம், பல மணி நேரம் சும்மா உட்கார வேண்டியதுதான்.

இனி ட்ராம்பியர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியவர்களுக்கு அவர் கைவண்ணம் பரிச்சயம். 1978-இல் வந்த அதன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அட்டையில், ராட்சதச் சிலையின் கண்ணிலிருந்து மாணிக்கத்தைத் திருடர்கள் பெயர்த்தெடுக்கும் படம் அவர் வரைந்தது. அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் டிராகன் இதழில், 1977 முதல் வொர்மி என்ற படக்கதையும் வரைந்துவந்தார். சுருட்டுப் பிடிக்கிற, பில்லியர்ட்ஸ் ஆடுகிற பச்சை டிராகன்தான் கதாநாயகன். 1988 ஏப்ரல் இதழோடு, கதை பாதியில் நிற்க, தொடர் நின்றது. இதழ் அனுப்பிய காசோலைகள் திரும்பி வந்தன. ஆள் எங்கே என்று தெரியவில்லை. செத்துப்போனார் என்றே பலர் நம்பினார்கள்.

அவர் இல்லாமலே உலகம் நகர்ந்தது. 1997-இல் டி.எஸ்.ஆரை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. 1998-இல் அவலான் ஹில்லை ஹாஸ்ப்ரோ வாங்கியது. 1999-இல் விசார்ட்ஸையும் அதே ஹாஸ்ப்ரோ விழுங்கியது. அவருடைய படத்தையும் விளையாட்டையும் விற்ற இரண்டு வீடுகளும் ஒரே முதலாளி கைக்குப் போயின. டைட்டன் மட்டும் அச்சில் இல்லாமல் கிடந்தது. ரசிகர்கள் கொலோசஸ் என்ற பெயரில் ஜாவாவில் இலவச மென்பொருளாக அதை எழுதி, இணையம் வழியே ஆடினார்கள்.

2002-இல் இல்லினாய் மாநிலம் கார்பண்டேலில், சதர்ன் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை ஒன்று இரவு நேர டாக்சி ஓட்டுநர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை போட்டது. படமும் பெயரும் வந்திருந்தன: டேவிட் ட்ராம்பியர். பார்த்த ரசிகர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய தொழிலுக்குத் திரும்பும்படி கேட்டவர்களுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. பணத்தகராறு என்றும் மனக்கசப்பு என்றும் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். வந்த பணத்தையே வேண்டாம் என்று விட்டவர் விஷயத்தில் பணத்தகராறுக் கதை அவ்வளவாக ஒட்டவில்லை.

2008-இல் கனடாவின் வேலி கேம்ஸ் டைட்டனைப் புதிய ஓவியங்களோடு மறுபடி அச்சிட்டது. ட்ராம்பியர் அப்போதும் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். 2013 கடைசியில் அந்த டாக்சி நிறுவனம் மூடப்பட்டது, உடம்பும் கெட்டது. பழைய மூல ஓவியங்களை விற்க முடியுமா என்று உள்ளூர் விளையாட்டுக் கடைக்காரரை அவரே அணுகினார். அந்த ஊரில் 2014 ஏப்ரலில் நடக்கவிருந்த விளையாட்டு விழாவில் அவற்றைக் காட்சிக்கு வைக்கவும் சம்மதித்தார். விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மார்ச் 24 அன்று, 59 வயதில் காலமானார்.