பூட்டிய கதவும் பேசும் எழுத்தாளரும்

1914இல் அமெரிக்காவில் 'தி ஜங்கிள்' என்றொரு மௌனப்படம் வெளியானது. பிழைப்புத் தேடி வந்து சிகாகோ இறைச்சிக்கூடங்களில் சிக்கிக்கொள்ளும் லிதுவேனியக் குடும்பம் ஒன்றின் கதை அது. நடிகர்களை வைத்து எடுத்த நாடகம்தான். ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் நாவலை எழுதிய அப்டன் சின்க்ளேரே திரையில் வந்து நின்றார், படத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது மாதிரி. அந்தப் படச்சுருள் இன்று எங்கும் இல்லை. உணவைப் பற்றி எழுதிய ஒருவர், தான் எழுதியதற்காகத் திரையேறிய மிகப் பழைய சம்பவங்களில் அது ஒன்று.

நான் படத்தொகுப்பாளன். சென்னையில் ஆவணப்படங்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறேன். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசும் துண்டை எங்கள் அறையில் 'பைட்' என்போம். எந்தப் படத்தைப் பார்த்தாலும், இந்த பைட்டை ஏன் இங்கே வைத்தான் என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கும். தொழில் கொடுத்த வியாதி. உணவையும் சுற்றுச்சூழலையும் பற்றிய அமெரிக்க ஆவணப்படங்களை இந்த வியாதியோடு பார்த்தபோது ஒரு முகம் திரும்பத் திரும்ப வந்தது: உணவைப் பற்றி எழுதும் மைக்கேல் போலன். 'கிங் கார்ன்' (2007), 'ஃபுட், இங்க்.' (2008), 'தி பாட்டனி ஆஃப் டிசையர்' (2009), 'இன் டிஃபென்ஸ் ஆஃப் ஃபுட்' (2015), 'குக்டு' (2016), 'ஃபுட், இங்க். 2' (2023). ஒல்லியான, வழுக்கைத் தலை மனிதர், மூக்குக்கண்ணாடி, குரலை உயர்த்தாத பேச்சு. படங்களில் அவர் எந்த இடத்தில் பேச வருகிறார் என்று பார்த்துக்கொண்டே போனால், ஏதோ ஒரு கதவு சற்றுமுன் சாத்தப்பட்டிருப்பது தெரியும்.

அந்தக் கதவு போலனுக்கு முதலில் சாத்தப்பட்டது பேனாவோடு போனபோது. 'நியூயார்க் டைம்ஸ்' இதழுக்காக அவர் தெற்கு டகோட்டாவில் ஒரு காளைக்கன்றை விலைக்கு வாங்கினார். அதன் எண் 534. மேய்ச்சல் நிலத்திலிருந்து கான்சஸ் மாநிலத்துக் கொழுப்பேற்றும் பட்டிக்கு அது போனதையும், அங்கே மக்காச்சோளமும் மருந்தும் தின்று எடை கூடியதையும் கூடவே இருந்து எழுதினார். கட்டுரை 2002 மார்ச்சில் வந்தது. கன்று தன் கடைசி நாளுக்குப் போன இறைச்சிக்கூடத்தில் மட்டும், வெட்டும் தளத்துக்குள் அவரை விடவில்லை. மாடு அவருடையது, அது சாவதைப் பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. அடுத்து மக்காச்சோளம் எப்படிச் சர்க்கரைப்பாகாகிறது என்று பார்க்கப் பெரிய ஆலைகளைக் கேட்டார். அங்கும் அனுமதியில்லை. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிறிய சோதனை ஆலை ஒன்றில்தான் பார்க்க முடிந்தது. இவையெல்லாம் சேர்ந்து 2006இல் 'தி ஆம்னிவோர்ஸ் டிலெமா' என்ற புத்தகமாயின. படக்காரர்கள் அவரைத் தேடிவந்ததற்கு இந்தப் புத்தகம் பெரிய காரணம்.

சின்க்ளேரின் காலத்தில் கதவு இவ்வளவு கெட்டியாக இல்லை. 1904இல் அவர் சிகாகோவின் இறைச்சிக்கூட வட்டாரத்தில் ஏழு வாரம் தங்கினார். பழைய சட்டையும் கையில் சாப்பாட்டுத் தூக்குமாகப் போனால் வாசலில் யாரும் கேட்கவில்லை. நாவல் 1906இல் புத்தகமாக வந்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் கையெழுத்தாயின. சின்க்ளேருக்கு அதில் பாதி மகிழ்ச்சிகூட இல்லை. அவர் எழுதியது தொழிலாளியின் முதுகெலும்பு முறிவதைப் பற்றி. நாடு பதறியது தன் தட்டில் விழுந்த இறைச்சியை நினைத்து. உணவு எழுத்து அமெரிக்காவில் பலித்தபோதெல்லாம் இப்படி உண்பவருக்காகவே அதிகம் பலித்திருக்கிறது.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். 1960 நவம்பர் 25, நன்றி கூறும் திருநாளுக்கு மறுநாள், 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' என்ற படத்தை சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. முந்தின நாள் விருந்துக்குக் காய்கனி பறித்துக் கொடுத்த நாடோடிக் கூலிகளே அதில் பேசினார்கள். செய்தியாளர் எட்வர்ட் மரோ இடையிடையே நின்று வழிகாட்டினார், அவ்வளவுதான். மறு ஆண்டே அரசின் வெளிநாட்டுச் செய்தித்துறைத் தலைவராகிவிட்ட மரோ, அதே படத்தை பிபிசி காட்டாமல் தடுக்க முயன்றார் என்பது இந்த வரலாற்றின் கசப்பான பக்கம்.

'கிங் கார்ன்' படத்துக்கு வருகிறேன். கல்லூரி முடித்த இரண்டு நண்பர்கள், இயன் செனியும் கர்ட் எலிஸும், தங்கள் தலைமுடியைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறார்கள். அதிலுள்ள கார்பன் பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வந்தது என்று முடிவு வருகிறது. உடனே அயோவாவில் கிரீன் என்ற சிற்றூருக்குப் போய் ஒரு ஏக்கர் மக்காச்சோளம் போடுகிறார்கள். விளைந்தது எங்கே போகிறது என்று பின்தொடரும்போது சர்க்கரைப்பாகு ஆலைகள் உள்ளே விட மறுக்கின்றன. பையன்கள் அதை வீட்டு அடுப்பங்கரையிலேயே, அமிலமெல்லாம் ஊற்றிக் காய்ச்சிப் பார்க்கிறார்கள். ஆலை சொல்லாததைச் சொல்ல, போலன் போன்றவர்களின் பைட்டுகள் இந்தப் படத்துக்குத் தேவைப்படுகின்றன.

அதே படத்தின் சிறந்த காட்சி இன்னொருவருடையது. 1971 முதல் 1976 வரை வேளாண் அமைச்சராக இருந்து, எல்லா நிலத்திலும் விளைச்சலைப் பெருக்கச் சொன்ன எர்ல் பட்ஸை, அவர் முதுமையில் தங்கியிருந்த இல்லத்துக்கே போய்ப் பார்க்கிறார்கள். வருமானத்தில் சிறு பங்கை மட்டும் உணவுக்குச் செலவழிக்கும் காலம் வந்ததே என்று அவர் பெருமைப்படுகிறார். பையன்கள் எதிர்வாதம் செய்யவில்லை. கொள்கையை வகுத்தவரே பேசும்போது விளக்கிச் சொல்ல எழுத்தாளர் வேண்டியதில்லை. அந்த இடத்தில் போலனை வெட்டி ஒட்டாமல் விட்டவருக்கு ஒரு தொகுப்பாளனாக என் வணக்கம்.

ராபர்ட் கென்னர் இயக்கிய 'ஃபுட், இங்க்.' இந்தப் பூட்டிய கதவை முழுப்படமாக விரித்தது. சூப்பர் மார்க்கெட் அடுக்குகளின் மீது கேமரா நகர, முதலில் கேட்பது போலனின் குரல். 'ஃபாஸ்ட் ஃபுட் நேஷன்' எழுதிய எரிக் ஷ்லாசர் ஒரு சிற்றுணவகத்தில் ஹாம்பர்கரோடு உட்கார்ந்து பேசுகிறார். டைசன், பெர்டூ, ஸ்மித்ஃபீல்டு, மான்சான்டோ ஆகிய நிறுவனங்கள் பேட்டிக்கு மறுத்தன என்பதைப் படம் எழுத்தில் போட்டுக்காட்டுகிறது. ஒரு கோழிப் பண்ணையாளர் முதலில் கொட்டகையைக் காட்டச் சம்மதிக்கிறார். நிறுவனத்தின் ஆட்கள் வந்துபோன பிறகு மறுத்துவிடுகிறார். கடைசியில் மேரிலாந்தின் கரோல் மோரிசன் தன் கொட்டகைக் கதவைத் திறந்தார். செத்த கோழிகளைப் பொறுக்கியபடியே நடந்து காட்டினார். ஜன்னலில்லாத கொட்டகைக்கு மாற அவர் மறுத்ததால் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது என்கிறது படம்.

அந்தக் காட்சி எனக்கு அந்நியமாக இல்லை. கோவை வட்டாரத்தில் கறிக்கோழி ஒப்பந்த வளர்ப்பு இதே அச்சில் வார்த்ததுதான்: குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை, கொட்டகையும் கரண்ட் பில்லும் உழைப்பும் பண்ணையாளருடையவை, கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. பல்லடம் பக்கம் எடுத்த ஒரு படம் என் மேசைக்கு வந்தது. கூலி கட்டுப்படியாகவில்லை என்று ஒருவர் கொட்டகை வாசலில் நின்று நிதானமாக, கணக்கோடு பேசியிருந்தார். படம் முடியும் தறுவாயில் போன் வந்தது. "அண்ணே, அடுத்த பேட்ச் குஞ்சு எறக்க மாட்டேங்கறாங்க. நான் பேசுனத எடுத்துருங்க." எடுத்துவிட்டோம். ஓட்டை விழுந்த இடத்தில், ஊர் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு நிபுணரின் பைட்டை வைத்தோம். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அவருக்கு இழப்பதற்கும் எதுவும் இல்லை.

போலனிடமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறேன். அவர் நேர்மையாக உழைத்து எழுதுபவர்; 2003 முதல் பெர்க்லியில் இதழியல் கற்றுத்தந்தவர். ஆனால் கதவைத் திறந்தவருக்கு ஒப்பந்தம் போகிறது. கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று விளக்குபவருக்கு அடுத்த படம் வருகிறது. பூட்டும் சட்டமாகவே மாறியது. 2012இல் யூட்டா, பண்ணைக்குள் அனுமதியின்றிப் படமெடுப்பதைக் குற்றமாக்கியது. 2017இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது.

'ஃபுட், இங்க்.' எதைச் சாதித்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு தாயின் கதை போதும். 2001இல் நச்சு ஈகோலை கிருமியால் இரண்டரை வயது மகன் கெவினை இழந்த பார்பரா கோவால்சிக், அவன் பெயரிலான மசோதாவோடு நாடாளுமன்றப் படிகளில் ஏறி இறங்குவதைப் படம் காட்டுகிறது. திரும்பத் திரும்ப அசுத்த இறைச்சி அனுப்பும் கூடங்களை மூடும் அதிகாரத்தை அரசுக்குத் தர வேண்டும் என்பது மசோதா. 2011 ஜனவரி 4 அன்று உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். காய்கனிக்கும் மற்ற உணவுக்கும் அது பெரிய சட்டம். இறைச்சி வேளாண் துறையின் கீழ் வருவதால் அதற்குள் வரவில்லை. கெவின் பெயரிலான மசோதா சட்டமாகவே இல்லை.

இதற்கிடையே போலனின் இடம் மாறிக்கொண்டே வந்தது. 'தி பாட்டனி ஆஃப் டிசையர்' படத்தில் ஆப்பிள், டியூலிப், கஞ்சா, உருளைக்கிழங்கு என்று நான்கு செடிகளின் கதைக்குள் அழைத்துப்போகிறார். நெட்பிளிக்ஸின் 'குக்டு' தொடரில் அவரே நாயகன். நெருப்பு, தண்ணீர், காற்று, மண் என நான்கு பகுதிகள். பெர்க்லி வீட்டு அடுப்பில் வெங்காயம் வதக்குகிறார், ரொட்டி சுடுகிறார். பார்க்க இனிமையான தொடர். ஆனால் கதவு என்ற கேள்வி அங்கே கரைந்துபோகிறது; தன் சமையலறைக்குள் நுழைய யாருக்கும் அனுமதி தேவையில்லையே.

'ஃபுட், இங்க். 2' படத்தில் போலனும் ஷ்லாசரும் தயாரிப்பாளர்களாகவே ஆனார்கள். கென்னரோடு மெலிசா ரொப்லேடோவும் சேர்ந்து இயக்கினார். படம் மீண்டும் தொழிலாளியிடம் போகிறது. புளோரிடாவின் இம்மொக்கலீ தக்காளித் தோட்டக் கூலிகள் பேசுகிறார்கள். மரோவின் படம் தொடங்கியதும் அதே மாநிலத்தில்தான், ஆனால் இவர்கள் 1993 முதல் அமைப்பாகத் திரண்டு நின்று, 2011இல் பெரிய வாங்குநர்களைக் கூலிக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்க வைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் பேசும்போது கேமரா முகத்தை மறைக்க வேண்டியிருக்கவில்லை. தனியாகக் கதவைத் திறந்த மோரிசனிடம் இல்லாதது இவர்களிடம் இருந்தது: பின்னால் நிற்கச் சங்கம்.

ஆகவே உணவு எழுத்தாளர் திரையில் வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். கதவு பூட்டியிருக்கும்வரை யாராவது வெளியே நின்று சொல்லத்தான் வேண்டும். சின்க்ளேர் முதல் போலன் வரை அதைச் செய்தவர்களால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிந்திருக்கிறது. இப்போதெல்லாம் என்னிடம் வரும் இளம் இயக்குநர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன்: "இந்த பைட்டை யார் சொல்லியிருக்கணும் தம்பி? அவர் ஏன் சொல்லலை?" பதில் 'பயம்' என்றால், நிபுணரின் பேச்சுக்கு முன்னால் அதையும் எழுத்தில் போடச் சொல்கிறேன். யார் மறுத்தார்கள், யார் பின்வாங்கினார்கள் என்பது படத்தின் குறை ஆகாது. அதுவும் படம் கண்டுபிடித்த செய்திதான்.