எண்ணும் பெயரும்

வன்னியில் தலைகளை எண்ணும் வழக்கம் புதிதன்று. அந்நியர் ஆட்சியில் வரிக்காகவும் வீதி வேலைக்காகவும் எண்ணினார்கள். யுத்த காலத்தில் கச்சேரிகள் நிவாரண அரிசிக்காக எண்ணின. நிர்வாகத் தேவைக்குப் பிறந்த அந்தக் கணக்கே பின்னாளில் நீதி கேட்போரின் சாட்சியாயிற்று.

2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியில் இருந்தோர் 429,059. யுத்த முடிவில் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு நேர்ந்தது என்ன என்று 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேட்டார் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப். அத்தனை பேரும் மாண்டனர் என அவர் தீர்ப்புக் கூறவில்லை, விளக்கமே கோரினார். எண்ணைக் கையாளும் எவருக்கும் உரிய முதல் அறம் அதுவே.

மறுபுறம், 2009 தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் சுமார் 70,000 என்றது கொழும்பு. பின்னர் வெளியேறி வந்த மக்களின் தொகையே அக்கூற்றைப் பொய்யாக்கியது. எண்ணைக் குறைத்தால் உணவும் மருந்தும் குறையும் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்று கணக்கியல் இன்னும் நுட்பமடைந்துள்ளது. யுத்தத்தின் இறுதி நாட்களில் சரணடைந்து காணாமலாக்கப்பட்டோரின் பல பட்டியல்களைப் பற்றிக் போல், பிரான்சிஸ் ஹரிசன் ஆகியோர் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஒரே பெயர் பல பட்டியல்களில் மீண்டும் மீண்டும் வருமாயின், விடுபட்டோர் சிலரே. அரிதாக வருமாயின், விடுபட்டோர் பலர். இவ்வழியில் 2018இல் அவர்கள் கண்ட மதிப்பீடு 503. அதன் எல்லைகள் 434 முதல் 626 வரை. ஐயத்தின் அளவையும் உடன் சொல்லும் இந்நேர்மை போற்றத்தக்கது.

ஆனால் நீதிமன்றம் கேட்பது வேறு. ஆட்கொணர்வு மனு ஒரு பெயரைப் பற்றியது. சரணடைந்தோர் பட்டியல் தம்மிடம் உண்டென முல்லைத்தீவு நீதவான் விசாரணையில் இராணுவத் தரப்பு கூறியது. பின்னர் மன்றுக்கு வந்ததோ புனர்வாழ்வு பெற்றோரின் பட்டியல். ஆக, தரவு இல்லாமையன்று குறை. அது யார் கையில் பூட்டியிருக்கிறது என்பதே வினா.

உறவினர் தரும் பட்டியலுக்கோ வேறோர் ஆபத்து உண்டு. அதிலுள்ள ஒவ்வொரு பெயரின் பின்னும், முகவரி அறியப்பட்டால் அச்சுறுத்தப்படக்கூடிய ஒரு குடும்பம் நிற்கிறது. அவர்களது சம்மதமின்றி அப்பட்டியலை வெளியிட எந்தச் சட்டத்தரணிக்கும், எந்த ஆய்வாளருக்கும் உரிமையில்லை. வல்லவனின் ஏடு திறக்கப்படவேண்டும். நலிந்தவனின் ஏடு காக்கப்படவேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நடுநிலை ஆகாது.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய தாய்மார் ஏந்தியது புள்ளிவிவரத்தை அன்று, புகைப்படங்களை. நமது கணக்குகள் அந்த முகங்களுக்கு விடை தேடவேண்டும். அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.