பொருளும் பெயர்ச்சீட்டும்

நெய்யாற்றங்கரைப் பக்கத்துத் திருப்புறம், பாறசாலை முதலிய ஊர்களில் பிறந்து, இன்று வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்குத் திருவனந்தபுரத்துப் பொருட்காட்சிசாலை புதிதன்று. ‘காட்சி பங்களா’ என்று சொன்னால் அவ்வட்டாரத்தார் உடனே அறிவர். அங்குள்ள இயற்கைப் பொருட்பிரிவில் பாடம் செய்த விலங்குகளையும் எலும்புக் கூடுகளையும் கண்டு வியந்தவர் பலர். அவற்றின் கீழுள்ள பெயர்ச்சீட்டை நின்று படித்தவர் சிலரே. ஆயினும் ஒரு பொருளின் வரலாறு பெரும்பாலும் அச்சீட்டில்தான் அடங்கியிருக்கிறது.

உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மன்னரின் ஆதரவில் 1855 இல் தொடங்கப்பெற்ற இந்நிலையம், 1857 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆங்கில ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் வில்லியம் கல்லன் தாம் சேர்த்திருந்த கனிமங்களை இதற்கு அளித்தார். வானாராய்ச்சிக் கூடத்தின் தலைவரான ஜான் ஆலன் பிரௌன் இதனைப் பேணி வளர்த்தார். கற்களை மட்டும் காண மக்கள் திரளாக வரவில்லை. ஆகவே 1859 இல் விலங்குக் காட்சியும் பூங்காவும் சேர்க்கப்பட்டன. இன்று நாம் காணும் அழகிய கட்டடம் சிஷோம் என்பாரின் திட்டப்படி 1880 இல் நிறைவெய்தியது.

கல்லன் கொல்லத்துக்கு அருகே கண்டறிந்த சுண்ணாம்புப் பாறையை எடுத்துக்கொள்வோம். அதில் கடற் சிப்பிகள் கல்லாய் உறைந்து கிடக்கின்றன. அதன் வயது ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அப்பாறைத் துண்டு ஒன்றின்மீது ‘கொல்லம்’ என்ற பெயர் எழுதப்பட்டிருந்தால், இன்றைய கரைநிலத்தின்மேல் முன்னொரு காலத்தில் கடல் பரவியிருந்ததென்பதற்கு அது சாட்சி. பெயர் அழிந்துவிட்டால், சூளையில் இட்டுச் சுடத்தக்க வெறுங்கல்.

உயிரினங்களுக்கும் இதே விதிதான். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலையத்தின் தலைவராயிருந்த ஹெரால்டு பெர்குசன், 1888 முதல் 1895 வரை திருவிதாங்கூரில் பிடிபட்ட பாம்புகளின் பட்டியலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். மண்ணுக்குள் வாழும் நஞ்சற்ற கவசவாற் பாம்பு ஒன்றுக்கு, இலண்டன் காட்சிசாலையிலிருந்த பூலஞ்சே என்னும் அறிஞர் ‘திருவிதாங்கூர்’ என்னும் பெயரையே சூட்டினார். 1907 இல் மலைக்காட்டு ஆமை ஒன்றும் அவரிடம் அதே பெயரைப் பெற்றது. அந்த ஆமையோ குடகு வரையிலும் ஆனைமலையிலும் வாழ்கின்றது. ‘நீலகிரி வரையாடு’ என ஆங்கிலேயர் குறித்த விலங்கின் பெருங்கூட்டம் இருப்பதோ, மூணாற்றை அடுத்த இரவிகுளத்தில். ஆகவே பெயரை மட்டும் நம்பினால் இருப்பிடம் விளங்காது.

அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. 1949 இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1 ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சார்ந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே எல்லை விழுந்தது. ‘திருவிதாங்கூர்’ என்று மட்டும் எழுதிய பழைய சீட்டு இன்று எம்மாநிலத்தைக் குறிக்கும்? அகத்திய மலையின் எந்தச் சரிவிலிருந்து வந்ததென்று எழுதாவிடின், அவ்வுயிர் அச்சரிவில் முன்பு வாழ்ந்ததா என்பதை இன்றைய வனத்துறையாரால் துணிந்து கூற இயலாது. எனவேதான் ஊர், மலை, உயரம், நாள் ஆகியவற்றைக் குறித்தே தீரவேண்டும் என்று இக்கால ஆராய்ச்சியாளர் வற்புறுத்துகின்றனர். வடநாட்டில் நம்மவர் எல்லோரையும் ‘மதராசி’ என்று ஒரே சொல்லில் அடக்கும் வழக்கத்தை அனுபவித்த நேயர்களுக்கு, ஊர்ப்பெயர் இல்லாச் சீட்டின் குறை எளிதில் புலப்படும்.

சீட்டில் இடம்பெறாத மற்றொன்றும் உண்டு. 1892 இல் ஒரு தேரைக்குப் பூலஞ்சே பெர்குசனின் பெயரை வைத்தார். அது 1799 இலேயே வேறு பெயர் பெற்ற இனந்தான் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. விஞ்ஞானப் பெயர் மாறியது. எனினும் ஆங்கிலப் பேச்சு வழக்கில் பெர்குசன் தேரை என்ற பெயர் நின்றுவிட்டது. இத்தகைய சேகரங்கள் தலைவர் ஒருவர் கையால் மட்டும் வளர்வதில்லை. காட்டில் வழி காட்டியவர், மண்ணைத் தோண்டியவர், தோலை உரித்துப் பாடம் செய்தவர் எனப் பலர் உழைப்பின் பயன் அது. அவர்கள் பெயரால் தேரையும் இல்லை, ஆமையும் இல்லை.

காட்சிசாலையின் பழைய சீட்டுகளை நாம் திருத்த முடியாது. ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த ஓலைப்பெட்டியோ, பூவாற்றுக் கரையில் பொறுக்கிய சங்கோ நம் வீட்டில் இருக்கலாம். அது எவ்வூரது, எந்த ஆண்டு வந்தது, கொடுத்தவர் யார் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதனுடன் வைத்துவிடலாம். அயல்மண்ணில் பிறந்த பேரப்பிள்ளைகள் நாளை அதனைக் கையில் எடுக்கும்போது, கேட்டறிய நாம் இருக்கமாட்டோம்.