உய்யக்கொண்டான்: ஒரு பெயரின் வழி

திருச்சிக்கு மேற்கே பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிகிறது. வயல்களைத் தொட்டு, நகரத்துக்குள் புகுந்து வளைந்து, கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரியில் போய்ச் சேர்கிறது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடும் அதன் பெயர் உய்யக்கொண்டான். அது போகும் வழியில் பாறைக்குன்றின் மேல் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அந்த ஊர் உய்யக்கொண்டான் திருமலை. ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் உய்யக்கொண்டார் வளநாடு வருகிறது. வைணவ குருபரம்பரையில் நாதமுனிகளுக்கு அடுத்து நிற்பவர் உய்யக்கொண்டார். நீருக்கும் மலைக்கும் நாட்டுக்கும் ஆசாரியருக்கும் பொதுவாக நின்ற இந்தப் பெயர் என்ன சொல்கிறது?

ஆபத்திலிருந்து மீள்வதைச் சொல்ல இன்று நமக்கு இரண்டு சொற்கள் கைவசம் உள்ளன: தப்பு, பிழை. மயிரிழையில் உயிர் தப்பினார் என்று நாளிதழ் எழுதுகிறது. எப்படியோ பிழைச்சுக்கிட்டான் என்று வீட்டில் சொல்கிறோம். இரண்டுக்குமே குற்றம் என்ற பொருளும் உண்டு. தப்புச் செய்தான் என்பதும் தப்பினான் என்பதும் ஒரே வேரில் கிளைத்தவை. எழுத்துப்பிழையும் வயிற்றுப்பிழைப்பும் அப்படியே. காரணத்தை வேட்டைக்காட்டில் வைத்துப் பார்த்தால் விளங்கும். அம்பு குறி தப்பியது, மான் உயிர் தப்பியது. குறி பிழைத்தது, மான் பிழைத்தது. எய்தவனுக்கு எது தவறோ அதுவே மானுக்கு உயிர். மானின் திறமை இதில் பேசப்படவில்லை. யாரோ குறி தவறியதில் கிடைத்த வாழ்வு அது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற பழமொழியும் இதே மனநிலையில் பிறந்ததுதான்.

மூன்றாவது சொல் ஒன்று இருந்தது. அது உய். இன்று பேச்சுவழக்கில் அது இல்லை. மேடைத் தமிழிலும் பக்திப் பேருரைகளிலும் மட்டும் உயிரோடிருக்கிறது. உய்தல் என்றால் ஆபத்திலிருந்து நீங்குதல், உயிர் வாழ்தல், ஈடேறுதல். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் இச்சொல்லை எடையறிந்து ஆள்கிறது: வேறு எந்த அறத்தைக் கொன்றவருக்கும் உய்வு உண்டு, நன்றியைக் கொன்றவனுக்கு இல்லை என்கிறது. அங்கே உய்வு என்பது அதிர்ஷ்டத்தால் தப்புவது அன்று; செய்த தீமையிலிருந்து வெளியே வருவதற்கு உள்ள வழி.

உய் என்பதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. உய்தல் தன்வினையாக நிற்க, உய்த்தல் என்று வல்லொற்று ஏறியதும் அது பிறவினைப் பக்கம் போய்விடுகிறது. கொண்டு செலுத்துதல், சேர்ப்பித்தல், நடத்துதல் என்பன உய்த்தலின் பொருள்கள். உய்த்துணர்தல் என்று சொல்கிறோமே, அறிவைத் தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிச் செலுத்தி உணர்வது, அதில் இந்தச் சொல் இன்னும் வேலை செய்கிறது. ஆக, கரைசேர்வதற்கும் கரைசேர்ப்பதற்கும் தமிழ் ஒரே அடியைப் பயன்படுத்தியிருக்கிறது.

இனி, கொண்டான். கொள் என்பது வெறும் எடுத்தல் அல்ல. ஆட்கொள்ளுதலில் அது தனக்குரியதாக ஏற்றல். கொள்முதலில் விலை கொடுத்து வாங்கல். உய்ய என்ற எச்சத்தோடு கொண்டான் சேரும்போது, பிறர் உய்யும்படி அவர்களைத் தன்னுடையவராக ஏற்றுக்கொண்டவன் என்று பொருள் விரிகிறது. தானே உய்ந்தவனை இப்பெயர் குறிக்கவில்லை.

நம் வீடுகளில் இதற்கு நெருங்கிய வழக்கம் ஒன்று இருந்தது. பிறந்த பிள்ளைகள் தங்காத குடும்பத்தில் அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிடுவார்கள். பிச்சையாகக் கேட்டு வாங்கியதாகப் பாவித்துப் பிச்சை என்பார்கள். ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்குவார்கள். எமன் கண்ணில் படாதிருக்க அந்தத் தாய்மார்கள் தேடிய வழிகள் இவை. தொட்டில் குழந்தையால் தானாக ஓடித் தப்ப முடியாது. யாராவது அதை வாங்கிக்கொண்டாக வேண்டும். கொள் என்ற சொல்லின் முழுப் பொருளும் அந்தத் தவிட்டு விலையில் இருக்கிறது.

உய்யக்கொண்டான் மலையின் கதையும் எமனைப் பற்றியதே. அவ்வூரின் தேவாரப் பெயர் திருக்கற்குடி. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். எமனுக்கு அஞ்சி வந்த மார்க்கண்டேயனுக்குச் சிவபெருமான் இங்கே அபயம் தந்தார் என்பது தலபுராணம். இறைவனுக்கு உஜ்ஜீவநாதர் என்ற வடமொழிப் பெயரும் உண்டு. ஒலியிலும் பொருளிலும் அது உய்யக்கொண்டாரை நெருங்கி நிற்கிறது. 1750களில் திருச்சிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோது இக்குன்றும் போர்க்களத்தின் ஒரு பகுதியானது. ஆங்கிலேயர் நாவில் பெயர் வெய்கொண்டா என்று தேய்ந்தது. உய் வெய்யாகத் திரிந்து, கொண்டா மட்டும் மிஞ்சியது!

ராஜராஜன் சோழமண்டலத்தை வளநாடுகளாகப் பிரித்து விருதுப் பெயர்களைச் சூட்டினான். கேரளாந்தகன், பாண்டியகுலாசனி என்று பகைவரை அழித்ததைச் சொல்லும் பெயர்கள் அந்த வரிசையில் உண்டு. அவற்றுக்கு நடுவே, காத்ததைச் சொல்லும் பெயராக உய்யக்கொண்டார் வளநாடு நிற்கிறது. வாய்க்காலும் ராஜராஜன் காலத்தது என்பதே வழக்கு.

எனக்கு இந்தப் பெயரின் உச்சம் ஆசாரியரிடம் இருக்கிறது. திருவெள்ளறையில் பிறந்தவர், அத்தலத்துப் பெருமாளின் திருநாமமான புண்டரீகாட்சர் என்பதே அவர் இயற்பெயர். நாதமுனிகள் அவரிடம், யோகம் வேண்டுமா, ஆழ்வார்களின் பாசுரங்களை உலகுக்குப் பரப்பும் பணி வேண்டுமா என்று கேட்டாராம். குருகைக்காவலப்பன் என்ற சீடர் யோகத்தை ஏற்றார். புண்டரீகாட்சரோ, வீட்டில் பிணம் கிடக்கும்போது கல்யாணம் கொண்டாடலாமா என்று கேட்டு, உலகோர் துயரில் கிடக்கத் தான் மட்டும் யோக இன்பம் காண மனமின்றிப் பணியைத் தேர்ந்தார். அவரது பெயர்க்காரணத்துக்கு வேறொரு கதையும் சொல்வார்கள். ஆனால் இந்த விடையே அந்தப் பெயருக்கு அரண். அவர் வழியில் மணக்கால் நம்பி, ஆளவந்தார், பெரிய நம்பி, ராமானுஜர் என்று அந்தச் சங்கிலி நீண்டது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போலிருக்கிறது என்று சொல்லாதவர் யார்? கடன், நோய், வேலை, உறவு என்று எது அழுத்தினாலும் மனம் வாசலைத் தேடும். அதில் இழிவு ஒன்றுமில்லை. உயிருள்ளவற்றின் முதல் இயல்பு அது. புண்டரீகாட்சருக்கு அந்த வாசல் திறந்தே இருந்தது. பின்னால் நிற்பவர்களைப் பார்த்து அவர் நின்றுவிட்டார். தப்புவது ஒரு நொடியில் முடிந்துவிடும். மறுநாள் அதே கண்ணியில் திரும்ப விழவும் கூடும். உய்தல் அதற்குப் பிறகான வாழ்வையும் கணக்கில் எடுக்கிறது. உய்யக்கொள்ளுதல் மற்றவரின் வாழ்வையும் சேர்த்தே எடுக்கிறது. தன்னந்தனியாகத் தப்பியவனுக்குத் தப்பினான் என்ற வினைச்சொல் போதும் என்று தமிழ் நினைத்திருக்க வேண்டும். கல்லில் வெட்டும் பெயரைப் பிறரையும் அழைத்துப் போனவனுக்குத் தந்தது.

அப்படிப் பார்த்தால் வாய்க்காலைவிட இப்பெயருக்குப் பொருத்தமானது வேறில்லை. அது காவிரி நீரை உய்க்கிறது. அந்த நீரால் ஊர்கள் உய்கின்றன. அடிச்சொல்லின் இரு முகங்களும் ஒரே ஓட்டத்தில் கூடுகின்றன. முடிகிற இடத்தின் பெயரோ வாழவந்தான்கோட்டை.

அதே வாய்க்காலில்தான் திருச்சி நகரம் தன் சாக்கடையைக் கலந்திருக்கிறது. அழுக்கிலிருந்து தப்புவதற்காக மேலேயுள்ளவர் அதைக் கீழே தள்ளுகிறார். கீழ்மடைக்காரர் அதை வயலில் வாங்குகிறார். நன்றி கொல்லுதலுக்கு உய்வில்லை என்றது குறள். ஆயிரம் ஆண்டு சோறு போட்ட நீருக்குச் செய்யும் இந்தக் கொடுமைக்கு வேறு பெயர் கிடையாது. வாய்க்காலைத் தூய்மை செய்யக் கேட்பவர்கள் அதன் பெயரையே முதல் வாதமாக வைக்கலாம்.